எழுபத்தஞ்சு சைஸ் பெட்டி

பதினேழு என்று போட்ட துண்டுச் சீட்டை உள்ளங்கையில் வைத்துக் கசக்கியதில் வேர்வை பட்டு மை பரவிவிட்டது, உள்ளே இப்போது போயிருப்பது ஒன்பது, ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்று சென்னியப்பன் சொல்லிக்கொண்டான், சொன்ன கையோடு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் தேவலை என்றும் தோன்றியது, அப்படித் தோன்றியதற்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்தொன்பது வயசு. கோயமுத்தூர் பாய்லர் ஆபீஸ் வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் அவனுக்கு அடுத்த வயசுக்காரனுக்கு முப்பது இருந்தால் அதிகம். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக் என்றது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும், யாரும் விடமாட்டார்கள். பகல் பதினொரு மணி வெயில் ஜன்னல் கம்பி வழியாகத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. பத்தொன்பது வருஷமாக ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு இந்த வெளிச்சமே, குளிக்கிற இடத்தில் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது, இந்நேரத்துக்கு அவன் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். நீல ஃபைல் வைத்திருந்த பக்கத்து இளைஞன் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான், "ஏனுங்ணா, யாருக்குத் துணைக்கு வந்திருக்கீங்க?" என்று. நான்தான் பரீட்சைக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "பையன் உள்ள போயிருக்கானுங்க" என்று வந்தது. அவனுக்கு இருப்பது ஒரே பெண், காங்கேயத்தில் கட்டிக் கொடுத்து ஆறு வருஷமாகிறது. இல்லாத பையனை ஒரு நொடியில் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, உள்ளே அனுப்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து ஒன்பதாம் நம்பர் வெளியே வந்தான், தாடி வைத்த ஒல்லிப் பையன், யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று படியிறங்கிப் போனான். "உங்க பையன் போறாப்லீங்ணா" என்றான் நீல ஃபைல். "வண்டி எடுக்கப் போறான்" என்றான் சென்னியப்பன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்தாயிற்று, இனி வண்டி வந்து நிற்கவேண்டும், வராது, பையன் போனபிறகும் அப்பன் எதற்குப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று இவன் யோசிப்பான், யோசித்துவிட்டுக் கேட்கமாட்டான், கேட்காமல் இருப்பதுதான் கேட்பதைவிடச் சுடும்.

இதே பெஞ்ச்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே பெஞ்சின் இதே நுனியில்தான் உட்கார்ந்திருந்தான், அன்றைக்கு நம்பர் நாலு, யோசிக்க நேரமில்லாமல் போய்விட்டது. பயமும் இல்லை, அதுதான் விசேஷம். திருப்பூரில் அந்தச் சாயப்பட்டறையின் பாய்லருக்கு அவன் விறகு போட ஆரம்பித்தபோது கறுப்பு முடி, சத்தத்தைக் கேட்டே பிரஷர் எவ்வளவு என்று சொல்லுவான், முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பாய்லர் ஓட்டச் சான்றிதழ் வேண்டும், அது பாய்லர் ஆபரேட்டர் ஆறுச்சாமியிடம் இருந்தது, ஆறுச்சாமியின் சான்றிதழ்தான் போட்டோவோடு பாய்லர் ரூம் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது, அதற்குக் கீழே நின்றுதான் ராத்திரியெல்லாம் சென்னியப்பன் வேலை செய்தான், கரி படிந்தால் அந்தக் கண்ணாடியைத் துடைப்பதும் அவன்தான். அன்றைக்கு உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு, "கேஜ் கண்ணாடியில தண்ணி தெரியல, முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்றார். தெரியாத கேள்வியா. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற அந்தக் கண்ணாடிக் குழாயை அவன் பார்த்த அளவுக்குப் பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. உண்மையிலேயே ஒரு தடவை தண்ணீர் தெரியாமல் போயும் இருக்கிறது, மளமளவென்று கை என்னென்னவோ செய்தது, பாய்லர் பிழைத்தது, பட்டறையில் படுத்திருந்த நாற்பது பேரும் பிழைத்தார்கள், காலையில் யாருக்கும் தெரியாது. ஆனால் மேஜைக்கு முன்னால் அந்தக் கைகள் தானாக எழுந்து காற்றில் எதையோ திருக ஆரம்பித்தன, வாய்க்கு ஒரு சொல்லும் வரவில்லை, மூன்று பேரும் அவன் கைகளையே பார்த்தார்கள், வெட்கம் பிடுங்கிக் கைகளைச் சட்டென்று கீழே இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, கேட்டதற்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "முதலாளிக்கு போன் பண்ணுவனுங்க" என்றான். இடது பக்கம் இருந்தவர் சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கு வழியாக வந்த சின்னச் சிரிப்பு, உடனே கைக்குட்டையால் மூடிக்கொண்டார், மூடிக்கொண்டதுதான் தாங்கமுடியவில்லை.

வீட்டுக்குப் போய் பாஸ் என்று சொன்னான். அப்படிச் சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் நினைக்கவே இல்லை. கதவைத் திறந்த சாந்தாமணி, அவன் செருப்பைக் கழற்றுவதற்குள், என்னாச்சுங்க என்று கேட்டாள், அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு நாள் கூலி போயிருக்கும், அடுப்பில் கேசரி மணம் வந்தது, பாஸ் என்று சொல்லிவிட்டான். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். மறுநாள் டேபிள் முழுக்கச் சொல்லிவிட்டாள், பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னாள், சம்பந்தி வீட்டுக்குச் சொன்னாள், அந்த வாரமே அவனுக்கு வெளிர்நீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டை எடுத்து வந்தாள். சான்றிதழ் எங்கே என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். பாய்லர் ரூம் சுவரில் மாட்டிவிட்டார்கள், அது சட்டம், வீட்டுக்குத் தரமாட்டார்கள் என்றான். ஓ, சரிங்க என்றாள். அந்தச் சட்டையை அவன் போடவே இல்லை. போட்டால் கழுத்தில் இறுக்கும் என்று சொல்லி வைத்தான், இன்னொரு பொய், நாற்பது சைஸ் அவனுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். இப்போது ஆறுச்சாமி இந்த மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறார். மேனேஜர் கூப்பிட்டு, இந்தத் தடவை பேப்பர் வந்தால் பார்க்கலாம் சென்னியப்பா, இல்லாவிட்டால் பாய்லருக்கு வேறு ஆள்தான், உனக்கு மூட்டை ஏத்துற பக்கம் ஏதாவது சொல்கிறேன் என்றார். மூட்டை தூக்குவதில் ஒன்றுமில்லை. ஆனால் பாய்லர் சர்டிபிகேட் வாங்கின ஆளை எதற்குங்க மூட்டை தூக்கச் சொல்றாங்க என்று சாந்தாமணி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் சொல்ல எந்தப் பொய்யும் மிச்சமில்லை. இன்றைக்குப் பாஸ் ஆகிவிட்டால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னது மெல்ல மெல்ல உண்மை ஆகிவிடும், சுவரில் அவன் போட்டோ ஏறிவிடும், தேதியை யார் கிட்டே போய்ப் படிக்கப்போகிறார்கள்.

தோற்ற புதிதில் கைடைக் கரைத்துக் குடிக்கிறேன் என்று விறகு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படிப்பான், விடியும்போது எல்லாம் தலைக்குள் இருக்கும், அடுத்த வாரம் திறந்தால் சாயத் தண்ணீர் மாதிரி எல்லாம் ஓடிப்போயிருக்கும். அப்புறம்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தான். படித்ததை உடனே உடனே படித்துப் பிரயோஜனமில்லை, மறக்கப்போகிற நேரம் பார்த்து இழுத்துப் பிடிக்கவேண்டும், அப்படி ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அடுத்த மறதி தள்ளிப்போகும் என்று அதில் ஒருத்தர் சொன்னார், ஐந்து பெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். திருப்பூரில் பெட்டிக்கா பஞ்சம். சாந்தாமணி கொண்டுவந்து போட்டிருந்த பனியன் பெட்டிகளில் ஐந்தை எடுத்தான், எழுபத்தஞ்சு, எண்பது, எண்பத்தஞ்சு, தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு, மேலேயே சைஸ் அச்சடித்திருந்தது வசதியாகப் போயிற்று. பனியனுக்குள் வைக்கிற அட்டையை நாலாக வெட்டினால் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். எழுபத்தஞ்சை தினமும் பார்க்கவேண்டும், சொல்லிவிட்டால் அட்டை எண்பதுக்குப் போகும், அது இரண்டு நாளைக்கு ஒருமுறை, அப்புறம் நாலு, எட்டு, தொண்ணூத்தஞ்சுக்குப் போய்விட்டால் பதினாறு நாளைக்கு அதன் முகத்தில் விழிக்க வேண்டாம். எங்கே தடுமாறினாலும் எந்தப் பெட்டியில் இருந்தாலும் திரும்ப எழுபத்தஞ்சுக்குத்தான். ஈயப் பிளக் எதற்கு, சேஃப்டி வால்வ் எத்தனை இருக்கவேண்டும், எல்லாம் சைஸ் சைஸாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஷிஃப்ட் முடிந்து ஏழு மணிக்கு வந்து, அவள் எட்டு மணிக்குக் கிளம்புவதற்குள், தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் சோறு வடிக்கிற சத்தத்தில், இந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து முணுமுணுவென்று சொல்லிப் பார்ப்பான். பெட்டியில் என்னங்க என்று அவள் கேட்டதற்குப் பழைய பில்லு என்றிருந்தான். அவள் திறந்து பார்க்கிற ரகமில்லை.

ஒரே ஒரு அட்டைதான் மானத்தை வாங்கியது. கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை, முதலில் என்ன செய்யவேண்டும். எழுதும்போதே கை கூசி, பின்பக்கம் பதிலே எழுதவில்லை, இதுகூடவா எழுதிவைக்க வேண்டும் என்று வெறுமையாக விட்டான். அதை எடுத்தால் பதில் வருவதற்கு முன்னால் சிரிப்பு வரும், அந்த மூக்குச் சிரிப்பு, பின்னாலேயே கைக்குட்டை. அதனால் கேள்வியைப் பாதி படிக்கும்போதே தெரியும் தெரியும் என்று சொல்லி எண்பதில் போட்டான், எண்பதிலிருந்து எண்பத்தஞ்சு, அப்படியே தொண்ணூத்தஞ்சு வரைக்கும் ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் அதை ஏற்றிவிட்டான். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிறவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விடுகிற கண்டக்டர். யாரை ஏமாற்றினான். பரீட்சை வைக்கிறவனும் அவன், எழுதுகிறவனும் அவன், மார்க் போடுகிறவனும் அவன், அதிலும் காப்பி அடிக்கிறவன் உலகத்தில் இவன் ஒருத்தன்தான் இருப்பான். தொண்ணூத்தஞ்சில் போட்டுவிட்டுப் பதினாறு நாள் நிம்மதி என்று படுத்தால், அடுத்த திங்கட்கிழமை எழுபத்தஞ்சில் முதல் அட்டையாக அது உட்கார்ந்திருக்கும். தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டிருப்போம் என்று நினைத்தான், ராத்திரி ஷிஃப்ட்காரனுக்கு நேற்று எது இன்று எது என்பதே குழப்பம், காலண்டரில் தாள் கிழிக்கிற நேரத்தில் அவன் விறகு போட்டுக்கொண்டிருப்பான், பாதி நாள் பழைய தேதியிலும் பாதி நாள் புதுத் தேதியிலும் வேலை செய்கிறவனுக்குப் பெட்டிக் கணக்கு தவறாதா என்ன. திரும்ப ஏற்றினான். திரும்ப வந்தது. புத்திதான் பேதலிக்கிறதோ என்று ஒரு வாரம் பயந்தேபோனான், யாரிடம் சொல்வது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று விறகு பிளந்துகொண்டிருக்கும்போது வந்தது. அந்தச் சிரிப்பு தோற்ற அன்றைக்கே ஒரு தடவை வந்தது, அப்புறம் மூன்றாம் நாள், அப்புறம் பத்து நாள் கழித்துச் சோற்றில் கை வைத்தபோது, தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போது, பேத்தி பிறந்தது என்று போன் வந்த அன்றைக்கு. மறக்கப்போகிற நேரம் பார்த்துச் சரியாக வந்து இழுத்துப் பிடித்துவிட்டுப் போயிருக்கிறது. வீடியோக்காரர் சொன்னதை அவன் ஈயப் பிளக்குக்குச் செய்வதற்கு முந்தியே, அவனுக்குள் வேறு எதுவோ அந்தச் சிரிப்புக்குச் செய்து முடித்துவிட்டது. சாகிற வரைக்கும் மறக்காது, அவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறான்.

பதினான்கு, என்று பியூன் கூப்பிட்டான். சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட கட்டை எடுத்தான், எழுபத்தஞ்சு பெட்டியில் மிச்சமிருந்த முப்பது அட்டை. நீல ஃபைல் பார்க்கிறானோ என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். பார்த்தால் என்ன, பையனுடைய அட்டை. சட்டை அந்த வெளிர்நீலச் சட்டை. காலையில் கேஜ் கண்ணாடி ஸ்பேர் வாங்கக் கோயமுத்தூர் அனுப்புகிறார்கள் என்று சாந்தாமணியிடம் சொல்லியிருந்தான், குளித்துவிட்டு வந்தால் நாற்காலியில் இந்தச் சட்டை இஸ்திரி போட்டுக் கிடந்தது. கடைக்குப் போறதுக்கு இது எதுக்கு என்றதற்கு, "போட்டுக்கங்க. இன்னிக்கு இறுக்காது" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. இன்றைக்கு மட்டும் ஏன் இறுக்காது. அட்டைகளைப் புரட்டினான். நாலாவது அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். செக்கிங் டேபிளில் துணியில் ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி இந்த அம்பை ஒட்டுவார்கள். திருப்பூரில் செக்கிங் பெண்கள் இருக்கிற வீடெல்லாம் இந்த அம்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அவள் சேலை முந்தானையில், சோற்றுப் பானை மூடியில், ஒருமுறை அவன் முதுகிலேயே ஒன்று ஒட்டிக்கொண்டு பட்டறையில் எல்லாரும் சென்னியப்பன் ஆல்டருக்கு வந்திருக்கான் என்று கேலி செய்தார்கள். அதனால் அட்டைகளில் ஒன்றிரண்டு அம்பு தென்பட்டதை அவன் இதுவரை லட்சியம் செய்ததில்லை, அவள் பெட்டி, அவள் பசை. இப்போது வேறு வேலையில்லாததால் எண்ணினான். முப்பதில் நாலு அட்டையில் அம்பு. நாலாவது அட்டை, வாய்க்கு நுழையாத ஒரு கெமிக்கல் பேர், சொல்லாமலே ஏற்றிவிட்டது. பதினொன்று, ஒரு சட்டப் பிரிவு, அதுவும் அப்படித்தான். இருபத்திரண்டு, அதுவும். கடைசியில் தண்ணீர் தெரியாத கண்ணாடி, அதில் அம்பு பின்பக்கம், பதில் எழுதாமல் விட்ட வெள்ளை நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

மின்விசிறி டக் என்றது. அவள் செக்கர். பதினாலு வருஷமாக ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் பார்க்கிறவள், இருட்டில் கொடுத்தால்கூட விரலால் தடவி ஊசி ஓட்டையைக் கண்டுபிடிப்பவள், தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கஞ்சி வடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள், கேள்வி, பதில், கேள்வி, பதில், கேள்வி, அப்புறம் ஒன்றுமில்லை, அடுத்த கேள்வி. அந்த ஒன்றுமில்லாததைத் தடவிப் பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போர்வைக்குள் குறட்டை விடும்போது பெட்டியை இறக்கி, பதில் வராத அட்டைகளை எடுத்து அம்பு ஒட்டி, முதல் பெட்டியில் திரும்பப் போட்டிருக்கிறாள், எந்தப் பெட்டி தினமும் என்பதையும் அவளே கண்டுபிடித்திருக்கிறாள். பாஸ் ஆன ஆள் எதற்குப் படிக்கிறான் என்று கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் எப்போதிருந்து. பெட்டி வந்த நாளிலிருந்தா, அதற்கும் முந்தியா, கேசரி மணத்தில் அவன் பாஸ் என்று சொன்ன அந்த நிமிஷமேவா, செருப்பைக் கழற்றாமல் நின்ற அந்த முகத்தில் தையல் பிசகு தெரியாமலா இருந்திருக்கும் அவளுக்கு. தெரிந்துகொண்டே டேபிள் முழுக்கச் சொன்னாளா, தெரிந்துகொண்டே சட்டை எடுத்தாளா. அவன் உடம்பெல்லாம் கொதித்தது. இரண்டு வருஷமாக அவளிடமிருந்து மறைத்ததாக நினைத்துத் தினமும் ஒரு வெட்கம் பட்டானே, அது ஒன்றுமே இல்லை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளிந்துகொண்டு நின்றிருக்கிறான், அந்தக் கோலத்துக்கு என்ன பேர். ஆனால் அம்பு ஒட்டினால் பீஸைக் கழித்துவிட்டதாக அர்த்தமில்லை என்பதும் உடனே ஞாபகம் வந்தது. கழிக்கிறதை அவள் வேறு கூடையில் போடுவாள், அதற்கு அம்பெல்லாம் வீணடிக்க மாட்டாள். அம்பு ஆல்டருக்கு. இன்னொரு தடவை தைத்தால் சரியாகும் என்பதற்கு மட்டும்தான் அம்பு. தைக்கிறவன் அதை எடுக்கக்கூடாது, அப்படியே திரும்ப டேபிளுக்கு வரவேண்டும், ஒட்டினவளே பார்த்து ஒட்டினவளேதான் உரிக்கவேண்டும் என்பது அவர்கள் டேபிளில் சட்டம், எத்தனையோ நாள் சோறு போட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறாள், அவன் தூக்கத்தில் ம் ம் என்றிருக்கிறான்.

"பதினேழு." எழுந்தான். நீல ஃபைல் அண்ணாந்து அவனைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், திரும்ப அவனைப் பார்த்தான். "பையன் இல்லீங்க தம்பி, நான்தான்" என்றான் சென்னியப்பன். உள்ளே நடுவில் அதே மனுஷன், காதோரம் நரைத்திருந்தது, உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், அவருக்கு இவனை அடையாளமே தெரியவில்லை. இடது பக்கம் வேறு ஆள். இரண்டு வருஷமாக இவன் சுமந்த அந்த நாள் இந்த அறையில் யாருக்குமே ஞாபகமில்லை. ஈயப் பிளக் கேட்டார்கள், சொன்னான். சேஃப்டி வால்வ் கேட்டார்கள், சொன்னான், தொண்ணூத்தஞ்சு பெட்டி. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கேஜில் தண்ணி தெரியல, முதல்ல என்ன பண்ணுவீங்க என்றார். அந்தப் பழைய சிரிப்பு வந்தது, மூக்கு வழியாக, கைக்குட்டையோடு, வரட்டும். கைகள் தானாக எழுந்தன. இந்தத் தடவை அவன் இழுக்கவில்லை. காற்றில் கீழ்க் குழாயைத் திறந்தன, தண்ணீர்க் குழாயை மூடின, அவன் தன் கைகளைப் பார்த்துப் பார்த்து, அடுத்தவன் வேலையைச் சொல்வதைப்போல, கண்ணாடி பொய் சொல்லுதா நிஜம் சொல்லுதான்னு ஊதிப் பாப்பனுங்க, நீராவி வருதா, அதை மூடித் தண்ணி வருதா, தண்ணி நிஜமாவே இல்லீன்னா ஃபேனை நிறுத்துவேன், காத்து போற டேம்பரை மூடுவேன், விறகு போடறதை நிறுத்தி நெருப்பை வெளியே இழுப்பேன், பம்பு மட்டும் போடவே மாட்டேன், காய்ஞ்ச தகட்டுல பச்சைத் தண்ணி பட்டா எல்லாம் போயிரும், என்றான். மூன்று பேரும் அவன் கைகளையே பார்த்தார்கள். "அவ்வளவுதானா? யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்களா?" என்றார் நடுவில் இருந்தவர். சென்னியப்பனின் கை மெதுவாகக் காது பக்கம் போயிற்று. "சொல்லுவனுங்க. எல்லாம் நிறுத்தினதுக்கப்புறம், முதலாளிக்கு போன் பண்ணுவனுங்க." யாரும் சிரிக்கவில்லை. அவர் எதையோ எழுதினார், ரிசல்ட் தபாலில் வரும், போகலாம் என்றார்.

படியிறங்கினான். பாஸா பெயிலா, அவர் எழுதின கை ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை. சாந்தாமணிக்கு டேபிளில் போன் வைத்துக்கொள்ளக்கூடாது, ஆறரைக்குத்தான் வீட்டுக்கு வருவாள், இரண்டு மணிக்குப் போய்ப் படுத்தால் அவள் வரும்போது தூங்கிக்கொண்டிருப்பான், அவளும் எழுப்பமாட்டாள், இரண்டு வருஷமாக எழுப்பவில்லை. படுக்கக்கூடாது. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட வேண்டும், முதலில் என்ன, அப்புறம் என்ன என்று யோசித்தான், கை எதுவும் காட்டவில்லை, இதற்குக் கைக்குப் பழக்கமில்லை. ரப்பர் பேண்டிலிருந்து அந்த ஒரு அட்டையை மட்டும் உருவினான். அம்பின் முனை லேசாகக் கிளம்பியிருந்தது, நகத்தால் தொட்டால் உரிந்துவிடும். கட்டைவிரலால் அதைத் திரும்ப அழுத்தி ஒட்டி, வெளிர்நீலச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.